காருக்குள் சைலன்சர் சத்தம்: குறைந்த செலவில் வீட்டிலேயே போட்டுப் பார்த்தவற்றில் எது உருப்படி, எது தண்டம்

கார் ஓட்டும்போது பின்னாலிருந்து கும்மென்று ஒரு சத்தம் வந்து காதை அடைத்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் தேடிப் போவது "சவுண்ட் ப்ரூஃப் ஷீட்" என்ற பெயரில் விற்கும் ஒட்டு ஷீட்களைத்தான். நான் வாங்கிப் பயன்படுத்தியவற்றில் அந்த ஷீட்டுக்கு மூன்றாம் இடம்தான் தருவேன். முதலிடம் சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் ஹேங்கர்களுக்கு. இரண்டாமிடம், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற ஸ்டீல் ஹோஸ் கிளாம்புக்கு, அதாவது திருகி இறுக்கும் உலோகப் பட்டை வளையத்துக்கு. இவை இரண்டும் சேர்ந்தாலும் ஒரு பெட்டி ஷீட் விலையில் சின்னப் பங்குகூட வராது. ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் வாங்கினால் எதை வாங்கினாலும் பாதிப் பணம் வீண்தான்.

என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள, வயதான ஒரு சின்ன கார். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை வெடிப்பு நடக்கும். அப்படியானால் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) நொடிக்குச் சுமார் 67 முறை, 3000 ஆர்பிஎம்மில் 100 முறை. காதில் விழும் அந்தக் கும்மல் பெரும்பாலும் இந்த அலைவரிசையில்தான் இருக்கும். மூன்று சிலிண்டர் என்றால் இன்னும் கீழே, 2000 ஆர்பிஎம்மில் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையை 5 மி.மீ. ஸ்பாஞ்ச் உறிஞ்சிவிடும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம், இயற்பியல் அப்படி வேலை செய்யாது. காரின் உள்நீளம் இந்த அலைநீளத்தில் பாதிக்கு ஒத்துவருகிற இடத்தில் சத்தம் இன்னும் தூக்கிக் காட்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காது அடைத்து, கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ சரியாகிவிடுவதற்கு அது ஒரு காரணம்.

சத்தம் உள்ளே வர மூன்று வழி உண்டு. குழாயில் எங்கோ ஓட்டை விழுந்து நேரடியாகக் கசிவது ஒன்று. சைலன்சரின் அதிர்வு ரப்பர் வழியாகவோ, உலோகத்தோடு உலோகம் பட்டோ, காரின் உடம்புக்குள் ஏறுவது இன்னொன்று. பின்பக்கக் குழாய் முனையிலிருந்து வரும் சத்தம் டிக்கி வழியாகவும் தரைத் தகடு வழியாகவும் காற்றிலேயே நுழைவது மூன்றாவது. ஒரே பொருளுக்கு ஒருவர் ஆகா ஓகோ என்று எழுத, இன்னொருவர் குப்பை என்று எழுதுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பேருடைய சத்தமும் வந்த வழி வேறு.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன், செலவே இல்லாத ஒரு சோதனை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கார் திறந்த வெளியில் நிற்க வேண்டும். ஒருவர் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட, இன்னொருவர் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, மடித்த கனத்த துணியால் பின்குழாய் முனையைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். குழாய் நன்றாக இருந்தால் துணியைத் தள்ளிக்கொண்டு அழுத்தம் ஏறும், எஞ்சின் திணறும். ஓட்டை இருந்தால் அடியில் எங்கோ உஸ் என்றோ பட்பட் என்றோ கேட்கும், துணியில் அழுத்தம் ஏறாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிட்டால், மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பாகம்) இணைப்பில் உள்ள கேஸ்கட்டையோ மேனிஃபோல்டில் விரிசலையோ சந்தேகப்படலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால்தான் அப்படி.

கசிவு இருந்தால் சத்தத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஷீட் ஒட்டினால், ஓட்டுபவருக்கு எச்சரிக்கையாக இருந்த சத்தத்தை மட்டும் நீக்கியதாக ஆகும், வாயு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். இதை நான் ரொம்பவே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஷீட் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

ரப்பர் ஹேங்கர். சைலன்சரும் நீளமான குழாயும் காரின் அடியில் சில ரப்பர் வளையங்களில்தான் தொங்குகின்றன. சூட்டிலும் வருடக்கணக்கான அதிர்விலும் அந்த ரப்பர் இறுகிப் போகும், வெடிக்கும், நீண்டும் போகும். இறுகியது அதிர்வை அப்படியே தரைத் தகட்டுக்குக் கடத்தும். நீண்டதோ சைலன்சரைக் கீழே இறக்கி, குழாய் ஏதோ ஒரு பிராக்கெட்டிலோ பின் ஆக்சிலிலோ உரசும்படி செய்துவிடும். இப்படி ஒரே ஒரு இடத்தில் இரும்பு இரும்பைத் தொட்டால் போதும், காரின் அடித்தகடு முழுவதும் தவில் தோலைப் போல அதிர ஆரம்பித்துவிடும். அதை உள்ளேயிருந்து எத்தனை ஷீட் ஒட்டி அடக்கப் பார்ப்பது?

ஆறிய நிலையில் சைலன்சரைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மெதுவாக ஆடித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும், எங்கேயும் டங் என்று இடிக்கக் கூடாது. குழாயைச் சுற்றி எங்காவது மட்டும் பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால், அங்கேதான் உரசுகிறது.

வாங்கும்போது பழைய வளையத்தைக் கையோடு எடுத்துப் போய், துளைகளுக்கு இடையிலான தூரத்தை ஒப்பிட்டு வாங்குவது நல்லது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இந்தத் தூரம் கொஞ்சம் மாறினால் சைலன்சர் நிற்கும் உயரமே மாறிவிடும். "பெர்ஃபார்மன்ஸ்" என்று சொல்லி விற்கிற கெட்டியான பாலியூரித்தேன் ஹேங்கரை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அது நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான், ஆனால் ரப்பரைவிடக் கெட்டியானது, அதிர்வை அதிகமாகவே கடத்தும், நாம் தேடி வந்ததற்கு நேர் எதிர். காரோடு வந்த வகையான மென்மையான ரப்பரே போதும். மாட்டும்போது கம்பியில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும், பெட்ரோலிய எண்ணெய் வகை எதுவும் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் குழாயின் மொத்தக் கனமும் முன்பக்க இணைப்பில் விழும். எல்லா ரப்பரையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதும் முக்கியம், புதிதும் பழையதும் கலந்திருந்தால் சைலன்சர் கோணலாகத் தொங்கும்.

இந்த வேலை முடிந்ததும் என் காரில் சிக்னலில் நிற்கும்போது சீட்டில் தெரிந்த அதிர்வு பெரும்பாலும் போய்விட்டது. ஓடும்போது வரும் கும்மலும் பேச்சுக் குரலை உயர்த்தத் தேவையில்லாத அளவுக்கு இறங்கியது. செலவோடு ஒப்பிட்டால் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

காருக்கு அடியில் போகிற யாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக் ஸ்டாண்டில் காரை இறக்கிய பிறகே தலையை உள்ளே கொடுக்க வேண்டும். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் ரப்பரைக் கொடுத்து மாட்டச் சொல்வதும் பெரிய செலவு கிடையாது.

அடுத்து ஹோஸ் கிளாம்ப். சில கார்களில் வருவது கும்மல் இல்லை, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்வது மாதிரி ஜிர்ர்ரென்ற சத்தம். குழாய்க்கு மேலேயும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுற்றியும் இருக்கும் ஹீட் ஷீல்டின் (சூட்டைத் தடுக்கும் மெல்லிய தகடு) போல்ட் துளையோ ஸ்பாட் வெல்டிங்கோ துருப்பிடித்து விட்டுப்போனதால் வருவது இது. குழாயோடு ஒட்டிய ஷீல்டாக இருந்தால், குழாயையும் ஷீல்டையும் சேர்த்து ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்பைச் சுற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. ஒன்று நீளம் போதாவிட்டால் இரண்டை ஒன்றோடொன்று கோத்து ஒரே வளையமாக்கலாம். காரின் அடித்தகட்டில் மாட்டிய ஷீல்டின் துளைதான் பெரிதாகிவிட்டது என்றால் அகலமான வாஷர் போட்டு அதே போல்டை முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். சத்தம் தொல்லை என்று ஷீல்டையே பிய்த்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி செல்சியஸ் சூடாகும் பொருள், அந்தத் தகடு இல்லாமல் தரைவிரிப்பும் வயரும் அந்தச் சூட்டை நேராக வாங்கும். ஸ்டெயின்லெஸ் கிளாம்பையே வாங்குங்கள். முலாம் பூசிய மலிவானவை அந்த இடத்துச் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் துருவாகிவிடும்.

இப்போது ஷீட். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட், டைனமேட் போன்ற பெயர்பெற்றவையும் அதே வகைதான், பெயரில்லாத மலிவானவையும் நிறைய உண்டு. இதன் வேலை என்ன என்பதில்தான் குழப்பமே. இது சத்தத்தைத் தடுக்கும் சுவர் இல்லை. தகடு அதிர்வதைத் தணிப்பது மட்டுமே இதன் வேலை. தகட்டை விரல் முட்டியால் தட்டினால் ஷீட் ஒட்டுவதற்கு முன் டொங் என்று நீளும், ஒட்டிய பிறகு டொக் என்று உடனே செத்துவிடும். அதனால்தான் முழுத் தகட்டையும் மூட வேண்டிய தேவை கிடையாது. ஒரு தட்டையான தகட்டில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நடுப்பகுதியில் ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதிக்கு ஒட்டுவதெல்லாம் எடையும் செலவும்தான். 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டர் மூன்று கிலோவைத் தாண்டும், கார் முழுக்க ஒட்டினால் ஒரு சிறுவனை எந்நேரமும் கூடவே ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமமான கனம் சேரும்.

சைலன்சர் சத்தத்துக்கென்றால் நான் ஸ்டெப்னி வைக்கும் குழி, டிக்கித் தரை, பின் சீட்டுக்கு அடியிலுள்ள தகடு, பின் சக்கர வளைவு இவற்றோடு நிறுத்தச் சொல்வேன். ஸ்டெப்னிக் குழி பல கார்களில் சைலன்சருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய, மெல்லிய, உட்குழிந்த தகடு, சத்தத்தைத் திரட்டி உள்ளே அனுப்புவதில் அதற்கு ஈடு இல்லை. ஒரு சின்னப் பெட்டி ஷீட்டை இந்த இடங்களில் பரவலாக ஒட்டினால், கதவு கதவாகப் பிரித்து ஒட்டுவதைவிட அதிகப் பலன். தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளையும் வடிகால் துளைகளையும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் முறையில்தான் இந்தப் பொருளின் தலையெழுத்தே இருக்கிறது. தூசி, எண்ணெய் எதுவும் இல்லாமல் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, சின்ன உருளையால் மேலே உள்ள புள்ளி வடிவம் மறையும் வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். குளிரான நேரத்தில் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடாக்கினால் நன்றாகப் பிடிக்கும். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி விரலை அறுக்கும், கையுறை கட்டாயம்.

பியூட்டைல் என்று சொல்லித் தார் ஷீட்டை விற்கிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். வாங்கியதும் ஒரு ஓரத்தைப் பிய்த்து இழுத்துப் பாருங்கள். பியூட்டைல் சூயிங் கம் போல இழுபட்டு நூலாக வரும், பெரிய வாடை இருக்காது. தார் வகை சட்டென்று அறுந்துவிடும், மூக்கருகே கொண்டு போனாலே தார் வாடை வரும். வெயிலில் நின்ற காருக்குள் அந்த வாடை நாள் முழுக்க இருக்கும், சூட்டில் இளகி வழியவும் செய்யும். விலை குறைவு என்று அதைப் போட்டவர்கள் பிறகு சுரண்டி எடுக்கப் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஷீட்டை காருக்கு வெளியே, அடிப்பக்கம், சைலன்சருக்கு அருகில் ஒருபோதும் ஒட்ட வேண்டாம். தீப்பிடிக்கிற சூடு அங்கே உண்டு.

ஃபோம் ஷீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூடிய துளை வகை, அதாவது தண்ணீர் உறிஞ்சாத வகை, பிளாஸ்டிக் பேனல்கள் ஒன்றோடொன்று உரசும் கீச் சத்தத்துக்கு நல்லது. சைலன்சர் கும்மலுக்கு அது எதுவும் செய்யாது. திறந்த துளை ஸ்பாஞ்சைத் தரையில் போட்டால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

காற்று வழியே வரும் சத்தத்தைத் தடுக்க வேண்டுமானால் கனம்தான் வேண்டும், தடிமன் இல்லை. இதற்கென்றே கனமேற்றிய வினைல் விரிப்பு விற்கிறார்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையில் கிடைக்கும். வேலை செய்யும், ஆனால் இடைவெளி இல்லாமல் மூடினால்தான், ஓரங்களில் விட்டுவிட்டால் சத்தம் அந்த வழியாக வந்துவிடும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் டிக்கிக்கு ஓரம் வரை பொருந்தும்படி வெட்டிய கனமான ரப்பர் விரிப்பும் அதன் அடியில் ஒரு ஃபெல்ட் துணியும் போடலாம். வினைல் அளவுக்கு வராது, ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது, வேண்டாத நேரத்தில் சுருட்டி எடுத்துவிடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிக்கி பீடிங்கை, அதாவது டிக்கிக் கதவின் ஓரத்தைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையை, யாரும் கண்டுகொள்வதில்லை. பின்குழாய் முனை டிக்கிக் கதவுக்கு நேர் கீழே இருக்கிறது, அந்த ரப்பர் அமுங்கி இறுகியிருந்தால் சத்தமும் வரும், புகையும் வரும். ஒரு தாளை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பார்த்துவிட்டுப் புது பீடிங் வாங்கலாம். அதே காருக்கான பீடிங் கிடைத்தால் அதுவே சிறந்தது. பின்னால் பசையோடு வரும் பொதுவான ரப்பர் பட்டைகள் விலை குறைவு, பசை சீக்கிரம் விட்டுப்போகிறது, கொஞ்சம் தடிமன் கூடினாலும் டிக்கியை ஓங்கி அடித்து மூட வேண்டியிருக்கும். பல கார்களில் பின் பம்பருக்கு உட்புறம் ரப்பர் மடல் வைத்த காற்றுத் துளைகள் உண்டு, கதவை மூடும்போது உள்காற்று வெளியேறுவதற்கு. சத்தம் வருகிறது என்று அதை அடைத்துவிடக் கூடாது. மடல் தூசியில் மாட்டித் திறந்தே நிற்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும்.

கசிவு அடைக்கும் பேஸ்ட்டும் பேண்டேஜும். குழாய்க்குள் குழாய் செருகும் இணைப்புகளில் பேஸ்ட் நன்றாக வேலை செய்கிறது, சூட்டில் கல்லாக இறுகிவிடும். ஆனால் ஓட்டையின் மேல் வெளிப்பக்கமாக அப்பினால் அதிர்வில் வெடித்து உதிர்ந்துவிடும், அதற்காக அது செய்யப்படவும் இல்லை. நேரான குழாயில் சின்ன ஓட்டைக்குக் கண்ணாடி இழை பேண்டேஜ் பரவாயில்லை. கம்பி பிரஷ்ஷால் துருவை நன்றாகத் தேய்த்துவிட்டு, ஓட்டைக்கு இரு பக்கமும் தாராளமாகத் தாண்டிச் சுற்ற வேண்டும். முதல் முறை சூடாகும்போது புகையும் வாடையும் வரும், அதைத் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். வெல்டிங் வைக்கும் வரை நாளைக் கடத்த இது உதவும், நிரந்தரம் என்று விளம்பரம் சொன்னாலும் நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சினுக்குப் பின்னால் வரும் வலை பின்னிய பிளெக்ஸ் பைப்பில் பேண்டேஜ் சுற்றவே கூடாது. எஞ்சின் அசையும்போது வளைந்து கொடுப்பதற்காக வைத்த பாகம் அது, அதைக் கட்டிப்போட்டால் அந்த இழுவை மேனிஃபோல்டுக்குப் போய் அங்கே விரிசல் விடும். சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை ஒழுங்கான வட்டமாக, ஓரத்தில் துருவில்லாமல் இருந்தால், அது உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காகவே போட்டதாக இருக்கலாம், அதை அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்து எஞ்சினுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சார் தவறாகப் படிக்கும், எஞ்சின் பெட்ரோலை அதிகம் ஊற்றும். சத்தத்தோடு மைலேஜும் குறைந்திருந்தால் அந்தப் பகுதியை முதலில் பாருங்கள்.

குழாயைச் சுற்றும் வெப்பத் துணியைச் சத்தத்துக்காக வாங்க வேண்டாம், அது சூட்டுக்கான பொருள், ஈரத்தைப் பிடித்து வைத்துச் சாதாரண இரும்புக் குழாயைச் சீக்கிரம் அரித்துவிடும். பின்குழாய்க்குள் ஸ்டீல் வூல் திணிப்பது, காரின் உட்குழிகளில் விரியும் ஸ்ப்ரே ஃபோம் அடிப்பது, இரண்டும் வேண்டாம். முதலாவது புகை போகும் வழியை அடைக்கும், இரண்டாவது வடிகாலை அடைத்துத் துருவை வளர்க்கும், எளிதில் தீயும் பிடிக்கும்.

பலனை அளக்க போன் ஆப் போதும், ஒரு விஷயத்தைக் கவனித்தால். பெரும்பாலான ஆப்கள் "ஏ" அளவுகோலில் காட்டும், அது 100 ஹெர்ட்ஸ் சத்தத்தைச் சுமார் 19 டெசிபெல் குறைத்தே கணக்கிடும், 50 ஹெர்ட்ஸை 30 டெசிபெல். காது அடைக்கும் கும்மல் இறங்கியிருந்தாலும் எண் அசையாமல் நிற்பதும், டயர் சத்தம் குறைந்ததை சைலன்சர் கணக்கில் எழுதுவதும் இதனால்தான். அமைப்பில், தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காத "சி" அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டு, அதே சாலை, அதே கியர், அதே ஆர்பிஎம், ஜன்னல் மூடி, ஃபேன் நிறுத்தி அளந்தால் ஒப்பிடலாம். போன் மைக் துல்லியமானது இல்லை என்பதால் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். 3 டெசிபெல் குறைந்தால் லேசாகத் தெரியும், 10 குறைந்தால் சத்தம் பாதியானது போலக் கேட்கும். ஷீட் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களைப் படிக்கும்போது இதை வைத்துப் படியுங்கள்.

இதெல்லாம் செய்தும் கும்மல் அப்படியே இருந்தால், சைலன்சருக்குள் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் உள்ளே கலகலவென்று கேட்கும். அப்படிக் கேட்டால் மேலே சொன்ன எதையும் வாங்காமல் அந்தப் பணத்தைப் புது சைலன்சருக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாரோ முன்பு சத்தத்துக்காகவே வேறு சைலன்சர் மாட்டிய பழைய காராக இருந்தால், கம்பெனி வகை ஒன்றைப் பழைய உதிரிபாகக் கடையில் தேடிப் பிடித்து, துரு இல்லாததாகப் பார்த்து மாட்டுங்கள். ஷீட் ஒட்டி அதோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்குச் செலவு குறைவாகவே வரும்.